செம்பருத்தி இருக்கும் பக்கம்

வெள்ளிக்கிழமை, இரவு

அடுத்த மாதம் ஆபீஸில் எல்லோரும் மலை ஏறி, கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். எங்கே என்பது இன்றைக்குத்தான் முடிவானது. டீ குடிக்கும்போது, கூட வேலை செய்யும் சந்துனி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். தெரணியகலைக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் மட்டமான புல்தரை. "டென்ட் அடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது" என்று சிங்களத்தில் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன்.

அது நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து மயானம். அங்கே யாரும் கல்லறை கட்டுவதில்லை. பார்ப்பவர்களுக்குப் புல்தான் தெரியும். அப்பாவின் தலைமாட்டில் அம்மா நட்ட செம்பருத்தி படத்தில் பூத்திருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சாப்பாட்டுப் பொறுப்பை வேறு ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன்.

"வரட்டும் புள்ள. ஒங்க அப்பாவும் தனியாத்தானே கெடக்குறாரு. தலமாட்டுல மட்டும் நெருப்பு மூட்ட வேணாம்னு சொல்லிரு."

சந்துனி இப்போது அதே படத்தை குரூப்பில் போட்டிருக்கிறாள். நெருப்பு மூட்டும் இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாள். செம்பருத்தி அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. மற்ற எல்லோரும் சரி என்று போட்டுவிட்டார்கள். என் பதிலுக்குத்தான் காத்திருக்கிறார்களாம்.