கண்ணோரத்து மஞ்சள்

என் உயிருக்கு உயிரான அண்ணனுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. வருகிற வெள்ளிக்கிழமை உனக்குத் திதி. ஏரலிலிருந்தும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் சொந்தமெல்லாம் வருகிறது. அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நீ கோபப்படுவாய். பட்டுக்கொள், இனி என்னை என்ன செய்துவிட முடியும்?

நம் கண்ணோரத்தில் ஒரு மஞ்சள் திட்டு இருக்குமே. அப்பாவுக்கு இருந்தது, உனக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது. லட்சுமி கடாட்சம் என்றுதான் நம் ஆட்கள் சொல்வார்கள். அதைப் பார்த்துத்தான் என்னைக் கட்டிக்கொண்டார்கள் என்று நீகூடக் கேலி செய்வாய். துறைமுகத்தில் கிரேன் மேலிருந்து உன்னை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, அழுதுகொண்டிருந்த என் கண்ணை டாக்டரம்மா உற்றுப் பார்த்தார். அது கொழுப்பாம், அண்ணே. வழிவழியாக ரத்தத்தில் வருவதாம். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயை இளவயதிலேயே அடைத்துவிடுமாம். அப்பா போனபோது வாய்வு என்றோம். நீயும் அன்று காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு சோடாதானே வாங்கிக் குடித்தாய்?

ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பி மரபணுச் சோதனை செய்தோம். எனக்கு இருக்கிறது. என் மகன் முத்துவுக்கு இருக்கிறது. உன் மகள் செல்விக்கும் இருக்கிறது.

முத்துவை உன் மடியில் வைத்துக் காது குத்தியபோது செல்வி தொட்டிலில் கிடந்தாள். "ஏளா, இவந்தான் எம் மருமவன். நான் இல்லேன்னாலும் நீ நடத்தணும்" என்றாய். நானும் வாக்குக் கொடுத்தேன். தை மாதம் கல்யாணம் என்று பேசியும் வைத்துவிட்டோம்.

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் மாத்திரையால் சமாளிக்கலாம் என்றார் டாக்டரம்மா. இவர்கள் இரண்டு பேருக்கும் பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து வந்துவிட்டால், பள்ளிக்கூட வயதிலேயே நெஞ்சு அடைக்கலாமாம். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி வராதாம். எந்தப் பிள்ளைக்கு வருகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கவா?

கல்யாணம் வேண்டாம் என்றேன். மதினி மசியவில்லை. செத்த மனிதரின் சொல்லைத் தட்டுவதா என்றாள். வெளியே தெரிந்தால் செல்வியை யார் கட்டுவார்கள் என்று அழுதாள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முத்து முகம் கொடுத்துப் பேசவில்லை. செல்வி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு அவளே வெளியே வந்தாள்.

"அத்த, எனக்காவ இத மறைச்சிராதிய. அப்பாட்ட ஒருத்தரும் சொல்லலியே."

அதற்குமேல் எனக்கு என்ன யோசனை? உன் சொல்லை மீறுகிறேன், அண்ணே. இந்தக் கல்யாணம் இல்லை. வெள்ளிக்கிழமை படையல் முடிந்ததும், பந்திக்கு இலை போடுமுன், எல்லோர் முன்னாலும் இந்த மஞ்சளைப் பற்றிப் பேசப் போகிறேன். ரத்தம் எடுக்க லேப்காரரையும் வரச் சொல்லியாயிற்று. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

செல்வியின் கல்யாணத்தை, எதையும் மறைக்காமல், நானே முன்னின்று நடத்துவேன். நம் வீட்டில் இனி யாரையும் நெஞ்சு வலிக்குச் சோடா குடித்துவிட்டு வேலைக்குப் போக விட மாட்டேன். பழைய வாக்குக்குப் பதிலாக இதை வைத்துக்கொள். இதை மீற மாட்டேன்.

சம்பந்தி ஆகாமலே போன,
உன் தங்கச்சி