விதைக்குக் கட்டம் இல்லை

பாகூர், 1943 ஆனி

அப்பா அவர்களுக்கு, மரியசுந்தரம் வணங்கி எழுதுவது. நான் சுகம். காரைக்காலில் அம்மாவின் இருமல் நின்றதா?

இங்கே சர்க்காருக்காக வீடுவீடாகப் போய் விளைச்சலை உணவு, எண்ணெய், தீவனம் என்று பிரித்து எழுதும் வேலை. படிவத்தில் விதைக்குக் கட்டம் இல்லை. வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டையாகக் கட்டி வைத்திருந்த விதைநெல்லையும் உணவில் சேர்த்துவிட்டேன். போன வாரம் வண்டியோடு வந்த சர்க்கார் ஆட்கள், உணவென்று எழுதியதையெல்லாம் கோட்டையைப் பிரித்து அள்ளிப் போனார்கள்.

"ஆடிக்கு இன்னாத்தய்யா வெதைக்கிறது?" என்று எனக்குச் சோறு பொங்கிப்போடும் தையலம்மாள் மட்டும் கேட்டாள். மற்றவர்கள் என்னிடம் பேசுவதில்லை. பிரித்த வைக்கோலை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து என் கூரைவீட்டைச் சுற்றிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கவலை வேண்டாம். அதைத் தீவனம் என்றே எழுதியிருக்கிறேன்.

நம் விதைக்கோட்டைகளில் முடிந்ததை உடனே அனுப்புங்கள். வைக்கோல் கூரையைத் தொட இன்னும் ஒரு முழம்தான் இருக்கிறது; அப்புறம் ஒரு தீக்குச்சி போதும்.

மரியசுந்தரம்