உன் பேரையும் சேர்த்து

கரியாலூர்,
4 ஜூலை 2025

சென்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிகளையெல்லாம் ஒற்றை ஊசியால் ஆட்டிவைக்கும் கலையரசி மகாராணி சமுகத்துக்கு, கல்வராயன் மலைக்குச் சக்கரவர்த்தியும், மென்னோனைட் சபைக்குப் பாஸ்டரும், ஓடு ஒழுகும் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வாத்தியாருமான உன் தாய்மாமன் கர்த்தருக்குள் எழுதிக்கொள்வது.

செல்போன் டவரில் இடி விழுந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் திருக்கோவிலூரில் தூங்கிய குழந்தைகள்கூட எழுந்து உட்கார்ந்ததாகக் கேள்வி. அதனால்தான் தபால். நம் சபையின் பெயரைப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் மருந்துக் கம்பெனி என்று தபால்காரர் இன்னமும் கேட்கிறார்.

உன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நீ பஸ் ஏறியதிலிருந்து பள்ளிக்கூடத்துச் சமையல் என் கையில். நேற்று நான் வைத்த சாம்பாரை மோந்து பார்த்த காட்டெருமை ஒன்று சேலம் பக்கம் குடிபெயர்ந்துவிட்டது. பிள்ளைகள் தட்டைப் பிடித்துக்கொண்டு, தங்கமணியம்மா எப்போது வரும் என்கிறார்கள். வராது என்று கரும்பலகையில் எழுதியா போட முடியும்?

இனி விஷயம். ராசு ஜாமீனில் வந்துவிட்டான். என்னிடம் அரிச்சுவடி படித்த ராசு. மரவள்ளி ஏற்றிய மினி லாரியால் என் தங்கச்சியை இடித்துவிட்டு, நிறுத்தாமல் போன ராசு. அவன் சபைக்கு வரலாமா என்று அவன் அம்மா குஞ்சம்மாள் கேட்கிறாள். பதின்மூன்றாம் தேதி திருவிருந்து. அப்பம் பிட்குமுன் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும், தீராத பகையோடு யாரும் உட்காரக்கூடாது என்பது நம் முறை. தங்கமணி குடும்பத்தின் பேரால் நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் உட்காரலாம். சொல்லட்டுமா? யோசித்து எழுது, மகாராணி.

உன் மாமன்,
சின்னதுரை

* * *

சென்னை,
8 ஜூலை 2025

அன்புள்ள மாமா,

காட்டெருமைக் கதையைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் டியூட்டி ரூமிலேயே அழுதேன்.

வேண்டாம் மாமா.

அம்மா ரோட்டோரத்தில் ஒரு மணி நேரம் உயிரோடு கிடந்திருக்கிறாள். அவனிடம் வண்டி இருந்தது. தூக்கிப் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தால் அங்கே என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தினமும் நான் செய்கிற வேலை அது.

நீங்கள் அண்ணன். உங்களுக்கு மனசு ஆறிவிட்டதென்றால் நீங்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். என் பேரை இழுக்காதீர்கள். எனக்கு என்றைக்காவது தோன்றினால் நானே மலையேறி வந்து அவனிடம் சொல்கிறேன். அதுவரை காத்திருங்கள்.

பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

கலை

* * *

கரியாலூர்,
14 ஜூலை 2025

கர்த்தருக்குள் அன்பான கலைக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்தது. படித்தேன். தபால் கிடைக்கவில்லை என்று புளுக வசதி இருந்தும் புளுகாத என் நேர்மைக்கு, வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு சிலை வைக்கலாம்.

நேற்று சபையில் லட்சம் பேர். அதாவது மூன்று பெஞ்சு. ராசு உள்ளே வராமல் வாசலில் மழையில் நின்றான். குஞ்சம்மாள் இழுத்தும் நகரவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்காமல், நீயும் உன் அம்மாவும் உட்காருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கலை அக்கா இன்னா சொன்னாங்க சார்? மன்னிச்சிட்டாங்களா?" என்றான்.

காத்திருடா என்று சொல்லியிருக்கலாம். பிரசங்க மேடையில் மூன்று மணி நேரம் முழங்குகிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. ஆள் குச்சியாய் இளைத்திருந்தான், கலை. மன்னித்துவிட்டார்கள் என்றேன். தங்கமணி வீட்டார் எல்லோரும், மகள் கலையரசியும், என்று சபை கேட்கச் சொன்னேன். உட்காரவைத்து அவன் காலைக் கழுவினேன். கால் கழுவுகிற பேசினில் நான் ஊற்றிய தண்ணீர் கம்மி, அவன் கண்ணிலிருந்து விழுந்தது ஜாஸ்தி.

நீ என்றைக்கோ சொல்லப்போவதைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். வாய் வலிக்கத் திட்டு. பதில் மட்டும் போடு.

உன் மாமன்,
சின்னதுரை

* * *

சென்னை,
3 ஆகஸ்ட் 2025

மாமா,

நேற்று ராசு வந்தான். மடியில் தேன் பாட்டிலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தான். "நீ மன்னிச்சிட்டேன்னு சார் சொன்னாருக்கா. உன் கால்ல வுழுந்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான்.

"நான் அப்படிச் சொல்லல ராசு" என்றேன். புரியாமல் நின்றான். இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தையை நான் சொன்னதே இல்லை. சொல்ல வைத்தது நீங்கள்.

நம் சபை ஆட்கள் கோர்ட்டில்கூடச் சத்தியம் செய்வதில்லை. பேசுவதெல்லாம் உண்மையாக இருந்தால் சத்தியம் எதற்கு என்று எனக்கும் ராசுவுக்கும் பாடம் நடத்தியவர் நீங்கள். அந்த வாயால் சபை நடுவில், என் பேரில், பொய் சொன்னீர்கள்.

ஒருநாள் நானாகவே வந்து சொல்லியிருப்பேனோ என்னவோ. இனி நான் சொன்னாலும் அது உங்கள் பொய்க்குப் போடுகிற ஒட்டுத்தான். அம்மா போனபிறகு என்னிடம் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான் மாமா. அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

எழுத வேண்டாம்.

கலையரசி

* * *

கரியாலூர்,
18 ஆகஸ்ட் 2025

கலைக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நேற்று சபையில் எழுந்து, கலையரசி மன்னிக்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். அலங்காரமாக எதுவும் சேர்க்கவில்லை. குஞ்சம்மாள் எழுந்து நின்றாள். "அப்ப எம்புள்ளைக்கு நான் இன்னா சொல்லட்டும் சார்? பட்டணம் போய் வந்ததுலேர்ந்து சோறு துன்னாம படுத்துக்கினு கெடக்குறான்" என்றாள்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். உன்னை ஏமாற்றிவிட்டேன்டா என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவன், "அக்கா சொன்னது கரெக்டு சார்" என்றான்.

பாஸ்டர் வேலையை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மட்டும் இருக்கிறேன். என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாயில்லை. நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடு, போதும்.

மாமன்,
சின்னதுரை

* * *

கரியாலூர்,
21 டிசம்பர் 2025

கலைக்கு,

இரண்டு மாதமாக டவர் வேலை செய்கிறது. நீ போனை எடுப்பதில்லை. சரி.

இன்று திருவிருந்து. உளுந்தூர்பேட்டையிலிருந்து புதுப் பாஸ்டர் வந்திருக்கிறார். நிதானமாகப் பேசுகிற ஆள். எல்லோரும் ஜோடி ஜோடியாகக் கால் கழுவ உட்கார்ந்தார்கள். முறைப்படி நானும் ராசுவும் வெளியே பலாமரத்தடியில் நின்றோம்.

புதுப் பாஸ்டர் இறங்கி வந்தார். தங்கமணியம்மா மகளிடமிருந்து ஏதாவது வந்ததா என்று என்னைக் கேட்டார். ராசு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வரவில்லை என்றேன்.

சின்னதுரை