எந்த அப்பு?

சீனி கருகுகிற வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான் வருகிறது, அப்பு. போன வாரம் பதுளை பஜாரில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே யாரோ சட்டியில் சீனியைச் சிவக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தான். துரையின் புட்டிங்குக்கு நீங்கள் காய்ச்சுவீர்களே, அதே மணம். நீங்கள்தானோ என்று எட்டிப் பார்ப்பதற்குள் மொனராகலை பஸ் கண்டக்டர் என் தோளைத் தொட்டான்.

"கொஸ்லந்தப் பக்கம் பங்களாவுல சமைச்சாரே, அந்த அப்பு போயிட்டாருங்க."

நான் லேசில் நம்புகிற ஆளா? ஊவா மலைத் தோட்டங்களில் பங்களாவுக்கு ஒரு அப்பு இருக்கிறான். "எந்த அப்பு?" என்று கேட்டேன்.

"பிஸ்கட் டின் நிறைய இங்கிலீசுக் கடுதாசி வச்சிருந்தாருங்க. எல்லாத்துலயும் அப்பு, அப்புன்னே எழுதியிருக்காம்."

அதற்கு மேல் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

நான் அந்தத் தோட்டத்தின் தபால்காரன். கொஸ்லந்த தபால் கந்தோருக்கும் துரை பங்களாவுக்கும் நடுவே தோல்பையோடு நான் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் லண்டனுக்கே போய் ராணியின் கையில் கடிதம் கொடுத்திருக்கலாம். படித்தது தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியாருக்கு விறகு பொறுக்கியதுதான். ஆனாலும் ஒட்டிய கடிதத்தை முகர்ந்து பார்த்தே உள்ளே இருப்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்வேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. தப்பியதை யாரும் எனக்கு வந்து சொல்லவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு உங்களைத்தான் பிடிபடவில்லை. என்னிடம் தமிழ், கடை முதலாளியிடம் சிங்களம், துரையிடம் இங்கிலீசு. மூன்றிலும் ஒரு ஊர் வாடையும் இல்லை. தொழிலாளர் லயத்தில் நாங்கள் தொழிற்சங்கம் வைக்கப் பேசியது மறுநாளே துரைக்குத் தெரிந்தது. குசினி அடுப்படியில் நிற்கிறவனுக்குத்தானே இரண்டு பக்கமும் காது என்று நான் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன். எந்த ஊர் என்று கேட்டால் ஒரு நாள் தூத்துக்குடி என்றீர்கள், இன்னொரு நாள் காலி. மூன்றாம் நாள், "கப்பல்ல பொறந்தவனுக்கு ஊரு ஏது தம்பி? தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றீர்கள். அந்தத் தேநீரையும் நீங்கள் ஒரு வாய் குடித்த பிறகுதான் நான் குடித்தேன்.

உங்களைவிட, உங்களைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லின் மேல்தான் எனக்கு அதிக சந்தேகம். இரண்டே எழுத்து. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு ஆளாக உட்கார்ந்துவிடும். யாழ்ப்பாணத்து கிளாக்கர் ஐயா உங்களை ஒரு நாளும் அப்பு என்று அழைத்ததில்லை. "எங்கட ஊரில அப்பு எண்டால் என்ரை தகப்பன். தேத்தண்ணி கொண்டுவாற ஆளை நான் எப்பிடி அப்பு எண்டு கூப்பிடுறது?" என்று சொல்லி, குக் என்றே கூப்பிட்டார். கடை முதலாளியோ, "அது பெரிய மனுசனுக்குச் சொல்றது. எங்க தாத்தா அப்புஹாமி!" என்று மார் தட்டினார். என் பெண்சாதி கைக்குழந்தையை அப்பு என்று கொஞ்சினாள். பள்ளிக்கூடத்துச் சமயப் புத்தகத்தில் அப்பு என்றால் தண்ணீர். மேலே என்பதற்கு வெள்ளைக்காரன் அப் என்கிறானே, அதுவும் இங்கிருந்து கப்பலேறிப் போனதாகத்தான் இருக்கும் என்று நான் கிளாக்கரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒத்துக்கொண்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இத்தனை வீட்டில் உறவு கொண்டாடுகிற சொல், பங்களாவுக்கு வந்ததும் குசினியில் நிற்கிற ஆளுக்குப் போட்ட சட்டையாகிவிட்டது. ஒருவர் போனால் அடுத்தவருக்கு அதே சட்டை. அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பழைய துரை சீமைக்குப் போய்ப் புதுத் துரை வந்தார். நீங்கள் டின்னைத் திறந்து, நீங்கள் வேலை பார்த்த துரைமார் எல்லாம் போகும்போது எழுதிக்கொடுத்த நற்சான்றுகளை மேசையில் வைத்தீர்கள். இருபது வருடச் சமையல் அந்தக் காகிதங்களில்தான் இருந்தது. அவற்றை நம்பினால் வேலை, நம்பாவிட்டால் மூட்டை. துரை ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் கறுத்தது.

"எல்லா கடுதாசியும் அப்பு சொல்றது. எந்த அப்பு? நீ வேற செத்த அப்பு டின் எடுத்த ஆளா?"

கிளாக்கரைக் கூப்பிட்டார்கள். பதிவில் பங்களா அப்பு என்று மட்டும்தான் இருக்கிறது என்றார் அவர். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சாட்சி சொல்லத் துரையே அழைக்கிறார் என்றதும் எனக்கு நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்தது.

"தபால், இவன் பேருக்குக் கடுதாசி வருமா? என்ன பேரு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். இல்லாத சேதிக்கெல்லாம் கண்ணும் மூக்கும் வைக்கிறவன் நான். ஏதோ ஒரு பெயரைச் சொல்லி, மாசம் ஒரு கடிதம் வரும் துரை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கென்று பார்த்து உண்மை பேசினேன்.

"ஒண்ணும் வந்ததில்லைங்க துரை. எந்த ஊருன்னும் யாருக்கும் தெரியாதுங்க."

என்னை வெளியே போகச் சொன்னார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் மெதுவாக உங்கள் பெயரைச் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. துரையின் சிரிப்புத்தான் கேட்டது. "இந்தப் பேர் ஒரு கடுதாசியிலும் இல்லை!"

மறுநாள் காலை மொனராகலை பஸ்ஸுக்கு நீங்கள் மூட்டையோடு ரோட்டில் நின்றீர்கள். நான் பையோடு வந்தேன். "என்ன பேரு சொன்னீங்க அப்பு?" என்று கேட்டேன்.

"இத்தனை வருசம் கேக்காதது இப்ப எதுக்கு, தபால்காரரே?" என்றீர்கள். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் போன பிறகும் லயத்தில் பேசியது மறுநாளே பங்களாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

கண்டக்டர் சேதி சொன்ன அன்றைக்கு மாலை உங்களுக்கு ஒரு மோட்ச விளக்கு ஏற்றலாம் என்று பதுளைக் கோயிலுக்குப் போனேன். நீங்கள் கோயிலுக்குப் போகிறவரா, புத்தர் பன்சலைக்கா, மாதா கோயிலுக்கா, அதுவும் எனக்குத் தெரியாது. ஐயர், "செத்தவர் பேரு?" என்றார். அப்பு என்றேன்.

"அது கூப்பிடறது. பேரைச் சொல்லுங்கோ."

நாக்கு நுனியில் நூறு பெயர் வந்தது. முத்தையா என்றால் யார் மறுக்கப்போகிறார்கள், சைமன் என்றால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? வாழ்நாள் முழுக்க வாய்க்கு வந்ததைச் சொன்னவன், உங்களுக்கு ஒரு பெயரை இட்டுக்கட்ட மட்டும் முடியாமல் நின்றேன். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் என் பெயரைச் சொன்னேன். ஐயர் அதைச் சொல்லி, நெய் விட்டு, ஏற்றினார்.

வீட்டில் பெண்சாதி தலையில் அடித்துக்கொள்கிறாள். "உசிரோட இருக்கிற மனுசன் தன் பேருக்கே மோட்ச விளக்கா? புத்தி கெட்டுப்போச்சா?" என்கிறாள். கெடவில்லை. அன்று துரை முன்னால் உங்களுக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பெயர் அது. பிந்திப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள்.