ஏரி முறையைக் கொடுத்து வாங்கிய பெட்டி

ஐப்பசி, செவ்வாய்

விட்டு விட்டு மழை. காலையில் அம்மனுக்கு எலுமிச்சை மாலை. இறால் ஆய்ந்து முடித்தாயிற்று. வாங்க வேண்டியவை: சூடம், புளி, என் முட்டிக்குத் தைலம்.

மதியம் கீழத்தெரு தாசு தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வர, பின்னாலேயே இவர். வண்டியில் ஒரு பெட்டி. கறுப்பு ரெக்சின் உரிந்து, முன்பக்கத் துணி கிழிந்து. கோழிக்கூண்டு என்றுதான் நினைத்தேன்.

"இன்னாய்யா இது?"

"ஆம்ப்ளிஃபயர்மே. கிட்டாரு வாசிக்கிறவங்க வெச்சிருப்பாங்கோ. டிரான்சிஸ்டர் வெச்சது, அந்தக் காலத்து சரக்கு."

"கிட்டாரு எங்க?"

"கிட்டாரு இல்ல."

அம்மா தாயே!

தாசுவின் அப்பா அந்த நாளில் கச்சேரிக் குழு நடத்தினாராம். கல்யாணத்துக்கு முன்னால் இவர் அதில் பெட்டி தூக்கினாராம். "ஒத்தத் தோள்ல வெச்சிக்கினு போவேன்மே." இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேறு என்னென்ன தெரியாதோ.

கரண்டில் சொருகினார். சிவப்பு பல்பு எரிந்தது. நாய் மாதிரி ஒரு உறுமல். துடைப்பத்தால் லேசாகத் தட்டிப் பார்த்தேன். உள்ளே இடி! சாமி படத்துக்கிட்டே ஓடிவிட்டேன். இவருக்கும் தாசுவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"உள்ள ஸ்பிரிங் கீது அத்தே, அசைச்சா அப்டித்தான்" என்றான் தாசு.

அவன் போன பிறகு கேட்டேன், இதற்கு என்ன கொடுத்தீர் என்று.

"ஏரி முறைய."

ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை விடுவது என்று ஊரில் சீட்டுப் போட்டுக் கொடுக்கிற முறை. நம் வீட்டுச் சோறே அதுதான். இறால் வருகிற இந்தப் பருவம் முழுக்கத் தாசுவுக்காம். நமக்கு? கிட்டார் இல்லாத கிட்டார் பெட்டி.

புதன்

இவரோடு பேச்சில்லை. சோறு மட்டும் வைத்தேன், கூடவே கருவாடும். அதற்கு மேல் இல்லை.

நேராக ஊர்த் தலைவர் வீடு. அழுதேன், கத்தினேன், எல்லாம் சொன்னேன். தலைவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் வீட்டுக்காரி சரோஜா அடக்கவே இல்லை.

"ஏங்க்கா, மாமாவுக்கு எந்தூரு கச்சேரி?"

எரிச்சல். ஆனால் தலைவர் நியாயம் சொன்னார். பெட்டியை வந்த மாதிரியே திருப்பிக் கொடுத்தால் முறையும் திரும்பி வரும். "தாசு கைல நான் பேசறேன். அடுத்த புதன் கோயிலாண்ட வாங்க, முடிச்சிடலாம்."

அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்துகொண்டேன்.

வியாழன்

வெயில். நல்ல வெயில் என்று சந்தோஷப்பட்டேனே, பாவி.

இவர் எங்கோ போயிருந்தார். திருப்பிக் கொடுக்கிற பொருள் சுத்தமாக இருக்கட்டும் என்று பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு. தாசுவின் வலைக் கொட்டகையில் கிடந்தது, ஏரிக்காற்று விடுமா? உப்புக்கு மருந்து எனக்குத் தெரியாதா? போட் இன்ஜின் தண்ணியில் விழுந்தால் எங்கள் வீடுகளில் என்ன செய்வோம்? முதலில் நல்ல தண்ணி, அப்புறம் டீசல். அதையேதான் செய்தேன். குடம் குடமாக நல்ல தண்ணி ஊற்றி, காயவைத்து, டீசலில் துணி நனைத்து மூலை முடுக்கெல்லாம். வட்டமாகப் பெரிய ஸ்பீக்கர், அதில் கறுப்பாக ஒரு காகிதம். அதையும் விடவில்லை. அதைத்தான் கூடுதலாகத் தேய்த்தேன்.

இவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்தார், இடது கையை. அந்தக் காகிதத்தில் விரல் வைத்தார். விரல் உள்ளே போய்விட்டது.

இனி வந்த மாதிரி எங்கே கொடுப்பது?

வெள்ளி

பொன்னேரிக்குக் கிளம்பினோம், ரேடியோ கடை பாயிடம். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோ. பஸ்ஸில் ஏற்ற வேண்டும்.

"புடிய்யா அந்தப் பக்கம்."

குனிந்தார். வலது கை மார்பு வரை வந்தது, நின்றது. முகமெல்லாம் வேர்வை. கண்டக்டர் கத்துகிறான், "பெருசு, தூக்குப்பா!" இவர் தூக்கவில்லை. நானே இடுப்பில் ஏந்தி ஏற்றினேன். முட்டி கதறியது.

ஒத்தத் தோளில் சுமந்த மனுஷன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"வலை இழுக்கசொல்லோ தோள்ல இன்னாவோ அறுந்தாப்புல இருந்துச்சு. அப்பாலேந்து கை மேல வரல. ஆஸ்பத்திரில காட்னேன். பயிற்சி பண்ணா வரும், நாளாவும்னு சொன்னாங்கோ."

"என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ சொல்லாம இருப்பியாமே?"

தலைவர் வீட்டில் கத்திவிட்டு வந்தவள்தானே நான்.

"வலை இழுக்க முடியாதவன்னு தெரிஞ்சா சீட்டுலேந்து பேர எடுத்துடுவாங்கோ. எடுத்தா திரும்ப சேக்க மாட்டாங்கோ. முறைய ஒருத்தனுக்கு மாத்திக் குட்தா பேரு இருக்கும். சும்மா குட்தா ஏன்னு கேப்பாங்கோ. பெட்டிக்குன்னா சிரிச்சிட்டுப் பூடுவாங்கோ."

தாசுவுக்குத் தெரியுமாம். அவன் யோசனைதானாம். அவன் பெயருக்கு அர்ச்சனை செய்ய வேண்டும், நான் போய் அவனைத் திருடன் என்று தலைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

தலை வாருவது, துண்டு போடுவது, எல்லாமே இடது கையில்தான். இப்போது நினைத்தால் தெரிகிறது. ஒரு வீட்டில் இருந்துகொண்டு என் கண்ணுக்குப் படவில்லை. என் முட்டிக்குத் தைலம் தேய்த்ததுகூட அந்த இடது கைதான்.

பாய் பெட்டியைத் திறந்தார், மோந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டீசலா? ஏம்மா, இது இன்னா போட்டா?"

கண்டென்சர் இரண்டு உப்பியிருக்கிறது, அது பழசானதால். சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகுகளுக்குள் அழுக்கு, திருப்பினால் வருகிற கரகர அதுதான். காகிதம் மட்டும் என் கைங்கரியம். டீசல் குடித்துக் கூழாகிவிட்டது. புதுசு ஒட்ட வேண்டும். நாலு நாளில் வரச் சொன்னார்.

திரும்பும்போது நான் ஒன்றும் பேசவில்லை. "உடம்பு சரியில்லியா?" என்று இவர் இரண்டு தரம் கேட்டார்.

செவ்வாய்

மேகம். பெட்டி வந்துவிட்டது. இந்தத் தடவை தாசு கூட வந்து தூக்கினான்.

கடையிலேயே பாய் தன் செல்போனை வயரில் மாட்டிக் காட்டினார். உறுமல் இல்லை, கரகர இல்லை. கோயில் மேளம் பக்கத்திலேயே அடிக்கிற மாதிரி நெஞ்சில் அதிர்ந்தது. இவர் ஒவ்வொரு திருகாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. ஊரை ஏமாற்ற வாங்கின பெட்டி என்று பார்த்தால் ஆசையும் இருந்திருக்கிறது உள்ளே.

கிழிந்த முன்துணியை எடுத்துவிட்டு என் மஞ்சள் புடவையில் ஒரு துண்டு வெட்டி இழுத்து ஆணி அடித்தேன். ஆணியை அவர் பிடித்தார், இடது கையில். சுத்தியல் என்னுடையது.

நாளைக்குக் கோயில். தூக்கம் வருமா தெரியவில்லை. நான் மூட்டின நெருப்பு.

புதன்

தூறல். கோயில் முன்னால் தலைவர், தாசு, ஊர் ஆம்பளைகள். ஓரமாக சரோஜாவும் நாலைந்து பெண்களும். தலைவர் தாசுவிடம் பேசி வைத்திருக்கிறார். "பெட்டியக் குடுங்க, முறைய வாங்கிக்கோங்க. ஏழுமல நாளைக்கே வலை விடட்டும்."

தன் பெயரைக் கேட்டதும் இவர் தரையைப் பார்த்தார். தாசு என்னைப் பார்த்தான்.

"பெட்டி குடுக்க மாட்டேன்" என்றேன்.

"நீதானேம்மா அழுதுக்கினு வந்தே?"

"அப்போ வேணாம்னு இருந்துச்சு. இப்ப எனக்கு வேணும். சாமிப் பாட்டு கேக்கறேன். நெஞ்சு அதிருது. அம்மன் என் கனவுல வந்து குடுக்காதேன்னு சொல்லிட்டா."

கோயில் வாசலில் நின்று, அம்மன் பெயரில் பொய். நானா சொன்னேன்? நானேதான்.

முதலில் சரோஜா. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். "புருஷனுக்குத்தான் பைத்தியம்னு பாத்தா பொண்டாட்டிக்கு அதவிட முத்திப் போச்சுடி!" தலைவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி போங்க. இந்தப் பருவம் தாசுக்கு. ஏழுமல பேரு இருக்கட்டும், அடுத்த சீட்டுக்கு வந்துரு."

இவர் அவரைக் கும்பிட வேண்டும். இடது கை எழுந்தது. வலது கை வரவில்லை.

நான் குறுக்கே போய் நின்று, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலைக்கு மேலே கை தூக்கிக் கும்பிட்டேன்.