ஒரு கண் மட்டும் விரிந்ததால் நிறுத்தப்பட்ட பேருந்து உரிமம்

அனுப்புநர்:
மெர்வின் கெர்கே,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
கிங்கராய் அருகே, குயின்ஸ்லாந்து.

பெறுநர்:
ஓட்டுநர் மருத்துவத் தகுதி அலுவலர் அவர்கள்,
பிரிஸ்பேன்.

பொருள்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர் திருமதி நோலீன் ஸ்டால் – நிறுத்திவைக்கப்பட்ட உரிமத்தைத் திரும்ப வழங்கக் கோருதல் – நான்காவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

முந்தைய மூன்று மனுக்களுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில்தான் வந்தது. நான் சரியாக விளக்கவில்லை போலும். முப்பத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்தியவன். புரியாததை இன்னொரு முறை சொல்வது பழக்கம்தான்.

1. நோலீன் என் பழைய மாணவி. பதினாறு ஆண்டுகளாகக் காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். இடைப்பட்ட நேரத்தில் கார்க்வுட் என்னும் மரத்தின் இலையை உலர்த்தும் கொட்டகையில் வேலை. வயிற்றுப் பிடிப்புக்கும் கடற்பயணக் குமட்டலுக்கும் தரும் மருந்தை அந்த இலையிலிருந்து எடுக்கிறார்கள். மே 12ஆம் தேதி தேநீர் இடைவேளையில், கையுறையைப் பிடித்துக் கழற்றிய விரலாலேயே இடது கண்ணைக் கசக்கிவிட்டார்.

2. சற்று நேரத்தில் இடது கண்பாவை மட்டும் அகல விரிந்தது. இங்கே இதற்குக் 'கார்க் கண்' என்று பெயர். "என்ன நோலீன், பாதி ஆந்தையா மாறிட்டே!" என்று கொட்டகையில் கேலி செய்திருக்கிறார்கள். பார்வை மங்கியதால் அன்று மாலை அவரே வேறு ஓட்டுநரை ஏற்பாடு செய்துவிட்டு மருத்துவமனைக்குப் போனார். இதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

3. "இலை பட்டுடுச்சு டாக்டர், ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிடும்" என்று சொல்லியிருக்கிறார். ஊருக்குப் புதியவரான மருத்துவர், "அப்படியெல்லாம் நான் எழுத முடியாதும்மா" என்றாராம். மூளையில் கோளாறோ என்று அவர் ஐயப்பட்டது தவறல்ல. நானும் அதைத்தான் முதலில் தேடியிருப்பேன். மூளைப் படத்தில் ஒன்றுமில்லை. நான்காம் நாள் கண்ணும் சரியானது. படிவத்தில் மட்டும் 'காரணம் தெரியவில்லை' என்று நின்றுவிட்டது; உரிமம் நிறுத்தப்பட்டதும் அதனால்தான்.

4. காரணம் தெரியும், ஐயா. கண்பாவையைச் சுருக்கும் தசையில் மஸ்கரினிக் ஏற்பிகள் உள்ளன. அவற்றை நாற்காலிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் ஒரு மாணவன். நாற்காலியில் உட்கார்ந்ததும் மணியடிப்பான், தசை சுருங்கும். இலைச்சாறு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மணியும் அடிக்காத, எழுந்தும் போகாத பையன். குடலில் அவன் அப்படி உட்காருவதால்தான் வயிற்றுப் பிடிப்பு அடங்குகிறது.

5. இதைச் சோதிக்க பைலோகார்ப்பின் என்ற சொட்டு மருந்து உண்டு. அதுவும் மணியடிக்கும் மாணவன்தான். மூளைக் கோளாறால் கண் நரம்பு நசுங்கியிருந்தால் நாற்காலி காலியாக இருக்கும். சொட்டு விட்டதும் பாவை சுருங்கும். இலைச்சாறு உட்கார்ந்திருந்தால் சுருங்காது. மே 12 அன்று அந்தச் சொட்டு மருத்துவமனையில் இருப்பில் இல்லை.

6. நோலீனின் கண் குணமாகிவிட்டதால் இனி அதில் சோதிக்க வழியில்லை. எனவே ஜூன் 6ஆம் தேதி, யாருக்கும் நான் பரிந்துரைக்காத ஒரு காரியத்தைச் செய்தேன். என் இடது கண்ணில் இலையைத் தேய்த்துக்கொண்டேன். மனைவி காரோட்ட, அந்தச் சொட்டு வைத்திருக்கும் கண் மருத்துவரான டாக்டர் ராஃப்டரிடம் போனேன். "இந்த வயசுல இது தேவையா சார்?" என்று கடிந்துகொண்டே இரு கண்ணிலும் சொட்டு விட்டார். வலது பாவை ஊசிமுனையாகச் சுருங்கியது. இடது அசையவில்லை. அறிக்கையும் படங்களும் இணைப்பில்.

7. பள்ளி ஜூலை 14 அன்று திறக்கிறது. அதற்குள் ஓட்டுநர் இல்லாவிட்டால் வழித்தடத்தை நீக்கிவிடுவார்கள். பதினொரு பிள்ளைகளுக்கு வேறு பேருந்து இல்லை. "கடைக்குப் போனா 'தலை எப்படி இருக்கு'ன்னு கேக்குறாங்க சார். கண்ண யாரும் கேக்கல" என்று போன வாரம் நோலீன் சொன்னார்.

8. படிவத்தில் 'இலை' என்று குறிக்கக் கட்டம் இல்லாததால், டாக்டர் ராஃப்டர் என் கண்ணையும் 'பிற காரணம்' என்ற கட்டத்தில் குறித்து அனுப்ப வேண்டியதாயிற்று. ஜூன் 16 தேதியிட்டு என் உரிமத்தையும் நிறுத்தித் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அதற்காக நான் மனு எழுதப்போவதில்லை. எனக்கு அவசரமாகப் போகவேண்டிய இடம் எதுவுமில்லை. தங்கள் மேசையில் என் கோப்பு மேலே இருந்தால், அதைக் கீழே வைத்துவிட்டு நோலீனுடையதை முதலில் எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கிங்கராய்
நாள்: 27.06.2025

பணிவுடன்,
மெ. கெர்கே
(கையொப்பம்)