தூணடியில் இருந்தவள்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காற்றே இல்லை. மழை வரும் வரும் என்று மூன்று நாளாக ஏமாற்றுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பயணப் பையைத் திறந்து கட்டிலில் வைத்தேன். மக்காவுக்கு உம்றாப் பயணம் வியாழன் 16, பின்னேரம் 5 மணி பஸ். நேரே எயார்போட்.

வாங்க வேண்டியவை: இறப்பர்ச் செருப்பு, மணமில்லாத சவர்க்காரம் 2, இவருக்கு இஹ்றாம் துணி, சின்னக் கத்தரிக்கோல், கால் நோவு மாத்திரை.

பயணம் போகுமுன் மஆப் கேட்ட வீடுகள்: 14. மீதி இருபதுக்கு மேல். படியேறி ஒரே வசனம், "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சத பொறுத்துக்கங்க." எல்லாரிடமும் ஒரே பதில், "நாங்களும் பொறுத்த, நீங்களும் பொறுங்க." பிறகு பிளேன்டீ. பதினாலு பிளேன்டீ. வெளிக்கிடும்போது அங்கே இறைவனிடம் கேட்கச் சொல்லி ஆளுக்கொரு துஆ கையில் தருகிறார்கள். மறந்துவிடுவேன் என்று பட்டியல் போடுகிறேன்:

1. மாமிக்கு முழங்கால்.
2. நஸ்றீனின் மகளுக்கு மாப்பிள்ளை.
3. பக்கத்து வீட்டு மகனுக்கு கட்டார் விசா.
4. பெரிய ராத்தாவுக்கு சீனி குறைய.

முக்கியமானதை எழுதாமல் செருப்பையும் சவர்க்காரத்தையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வியாழன். மீனவர் வீட்டுத்திட்டத்துப் பெற்றாருக்கு மட்டும் தனிக் கூட்டம் வைத்தேன். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கிழமைக்கு இரண்டு நாள், மூன்று நாள் வருவதில்லை. மூன்று மணிக்கு என்று கடிதம் அனுப்பி, நாற்பது கதிரை போட்டு, மேடையில் நான். மூன்றரை வரை பார்த்தேன். கொதி ஏறிவிட்டது. கதிரைகளைப் படம் எடுத்தேன், வீட்டுக்கு வந்தேன், சட்டையைக் கூட மாற்றவில்லை, பேஸ்புக்கில் போட்டேன். அங்கே அழித்துவிட்டேன். இங்கே இருக்கட்டும்:

"நிவாரணம் என்றால் விடிய முன்னரே வரிசை. பிள்ளையின் படிப்பு என்றால் ஒரு ஆள் இல்லை. நாற்பது கதிரை, நாற்பதும் வெறும் கதிரை. இதுகளுக்கு எதற்குப் பள்ளிக்கூடம்? கருவாடு காயப்போடத்தானே பெற்றுப் போட்டிருக்கிறீர்கள்."

ஒரு பாடசாலை அதிபர் எழுதியது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நல்ல தமிழ் சொல்லிக்கொடுத்தவள் எழுதியது.

எங்கள் பாடசாலைப் பகுதித் தலைவர்கள் எல்லாரும் லைக். நான் காலை வணக்கம் போட்டாலும் போடுவார்கள். "துணிச்சலான அதிபர்." "உண்மை மெடம்." ஒருவன், "அந்தப் பக்கம் போனா மூக்கப் பொத்தணும்." வாசித்துச் சிரித்தேன். சிரித்ததையும் எழுதுகிறேன். சனிக்கிழமை யாரோ ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஊர்க் குரூப் எல்லாவற்றிலும் போட்டபிறகுதான் அழித்தேன். வெட்கத்தில் இல்லை, பயத்தில்.

இன்று நஸ்றீன் (பிரதி அதிபர், என்னோடு இருபது வருடம்) அந்தப் படத்தைப் பெருப்பித்துக் காட்டினா.

"ராத்தா, இது ஆரு?"

வலது பக்கம், கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்து நிழலில் ஒரு கறுப்பு அபாயா. மடியில் ஒரு பை. தெரியாது என்றேன். நஸ்றீனே சொன்னா:

"றமீஸா. கருவாட்டு வாடியில வேலை. லெவன் சீல படிக்கிற ஸப்னாட உம்மா. மூணு மணிக்கே வந்திருந்தாவாம், காவலாளி சென்னார்."

வராதவர்களைத்தான் ஏசினேன். படத்தில் பிடித்துப் போட்டது வந்த ஒருத்தியை.

ஒக்டோபர் 8, புதன்

கீழ்வானம் கறுத்து, பிறகு ஒன்றுமில்லை. சரியான வெக்கை.

11C வரவு இடாப்பு பார்த்தேன். ஸப்னா திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, இன்று இல்லை. வகுப்பாசிரியரைக் கேட்டேன். மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பெடியனுகள் மூக்கப் பொத்திக் காட்டின மெடம். ஒங்கட போஸ்ட்ல இருந்தத்தான் செய்து காட்டின." மூன்று பேரைக் கூப்பிட்டு ஏசினேன். ஏசும்போதே குரல் இறங்கிவிட்டது. அவர்கள் முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் என்ன நினைத்தார்கள் என்று தெரியும்.

வலயக் கல்விப் பணிமனையிலிருந்து அந்தப் பதிவு பற்றிக் கடிதம். புதன் 15க்கு முன் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

மச்சானுக்குப் போன் பண்ணினேன். இவருடைய தம்பி, அங்கேதான் எழுதுவினைஞர். "ஒண்டுக்கும் பயப்படாதீங்க மச்சி. எக்கவுண்ட ஆரோ ஹேக் பண்ணின எண்டு ஒரு கடிதம் குடுங்க. ஃபைல் மூடிரும். நானே டைப் பண்ணித் தாறன். ஆனா ஒரு சொல்லும் பேஸ்புக்ல போட்டுராதீங்க."

அரை மணி நேரத்தில் கடிதம் வந்தது. வட்ஸ்அப்பில். அழகான கடிதம். ஒப்பம் மட்டும் வைக்க வேண்டும்.

செருப்பு வாங்கியாச்சு. இடது கால் கடிக்கிறது.

ஒக்டோபர் 9, வியாழன்

மீதி வீடுகளுக்கு ஏற மனமில்லை. எல்லாரும் செய்வதைச் செய்தேன். கஃபா படம் போட்ட ஒரு கார்ட், அடியில் "அறிந்தோ அறியாமலோ செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்." போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் ஒரே அடியாக அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஆமீன், ஆமீன், ஆமீன், பூங்கொத்து, அழுகிற முகம். பெற்றார் குரூப்புக்கும் போயிருக்கிறது. றமீஸாவுக்கும் போயிருக்கும். ஆயிரம் பேரோடு ஒருத்தியாக.

துஆப் பட்டியல் 19 ஆகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் மாமி ஹஜ்ஜுக்குப் போகும்போது வீட்டுத்திட்டத்துப் பெண்கள் முன் விறாந்தை நிறைய இருந்தார்கள். மகனுக்கு, மீன்பிடிப் போட்டுக்கு, புருசனின் நெஞ்சுவலிக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தியும் இன்னும் வரவில்லை. ஒரு மெசேஜும் இல்லை.

எங்கள் குடிக்குத் தலைவரான மரைக்காயர் வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறார். எல்லாம் தெரியும் அவருக்கு. "நீங்க அலையாதீங்க தங்கச்சி. நான் றமீஸாட்டப் போய் முடிச்சித் தாறன்." நன்றி என்றேன். வாய் சொன்னது.

ஒக்டோபர் 10, வெள்ளி

ஜும்ஆ முடிந்து இவர் வந்தார். சோறு வைத்தேன். பின்னாலேயே போனில் மரைக்காயரின் வொய்ஸ் மெசேஜ். பதினொரு செக்கன்.

முதலில் அவர் குரல்: "சொல்லுங்க புள்ள, இதுல சொல்லுங்க." பிறகு வேறொரு ஆம்பிளைக் குரல்: "கிட்டப் புடிங்க." பிறகு ஒரு பெண்: "பொறுத்துட்டன்."

அவ்வளவுதான். இடாப்பு கூப்பிடும்போது பிள்ளை "வந்துட்டன்" என்று சொல்கிற மாதிரி.

"முடிஞ்சி தானே" என்றார் இவர். முடிந்தது. பத்து முறையாவது கேட்டிருப்பேன். அலுமாரியை ஒழுங்குபடுத்தினேன், பிறகு மேசை லாச்சியை, பிறகு பையிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்ப அடுக்கினேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

இன்று இவரிடம் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போனேன். ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு. வெறுங்கையோடு போகப் பழக்கமில்லை.

வாசலில் வலை விரித்து மீன் காய்கிறது. றமீஸா குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை அபாயாவில் துடைத்தார். உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்தார். தனக்கு எடுக்கவில்லை.

"பொறுத்துக்கங்க றமீஸா."

"அதான் போன்ல சென்னனே டீச்சர்."

"அது மரைக்காயர் கேட்டுச் சென்ன. நான் கேக்கல்லயே."

"அஞ்சு ஆம்புளையாள் வந்து வாசல்ல நிண்டா, பொறுக்கல்ல எண்டு ஆரு சொல்ற?"

மஸ்கட் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்தேன். பாடசாலையில் என் கேள்விக்குப் பிள்ளைகள் இப்படித்தான் கொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அவரே தொடர்ந்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பெரிய கஷ்டம். "அண்டைக்குக் கீரி மீன் பட்ட நாள் டீச்சர். மாசத்துல ஒரு நாள் அப்புடிப் படும். வீட்டுத்திட்டமே கடக்கரையில நிண்ட. மகள் 'உம்மா போங்க, ஒருத்தரும் போகாட்டி டீச்சருக்குக் கோவம் வரும்' எண்டா. வாடியில சொல்லிட்டு ஓடி வந்தன். உடுப்பு மாத்த நேரமில்ல. மணக்கும் எண்டுதான் பொறகால இருந்த. நீங்க போனால படம் எடுக்கக்குள்ள எழும்பி வரப் பாத்த. அதுக்குள்ள நீங்க இறங்கிப் போயிட்டீங்க."

கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பினேன்.

"நான் என்ன செய்யணும்? சொல்லுங்க."

"ஒண்டும் வேணாம். நான் வந்த எண்டு எழுதுங்க."

"எங்க?"

"எழுதின இடத்துல. ஊரெல்லாம் பாத்த இடத்துல. வந்த எண்டு மட்டும் எழுதுங்க. என்ட பேரும் போடுங்க டீச்சர். பேர் போடாட்டி வேற ஆரோ எண்டு நினைப்பாங்க. மகள்ற பேர் வேணாம்."

உள்ளே கதவுச் சீலைக்குப் பின்னால் ஸப்னாவின் குரல். வகுப்பில் கேட்டே இராத உரத்த குரல்.

"உம்மா, அவங்களப் போகச் செல்லுங்க."

வந்துவிட்டேன். மஸ்கட் பெட்டி கதிரையிலேயே இருந்தது.

ஒக்டோபர் 13, திங்கள்

எழுதவில்லை.

எழுதினேன், போடவில்லை. ஒன்பது தடவை. முதலாவதில் என் சேவைக் காலம் வந்தது. இரண்டாவதில் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறை வந்தது. ஐந்தாவதில் "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று வந்தது. யாருடைய மனம் என்று தெரியும், பெயர் தெரியும், வீடு தெரியும். பிறகு என்ன "யாருடையதாவது"? எல்லாம் அழித்தேன்.

இவர்: "இப்ப என்ன அவசரம்? போயிட்டு வந்து போடு."

மச்சான்: "பைத்தியமா மச்சி? ஹேக் எண்டு கடிதம் குடுக்கப் போறீங்க. நீங்களே எழுதின எண்டு பேஸ்புக்ல போட்டா மறுகா ஆரும் காப்பாத்த ஏலா. பென்சனுக்கு இன்னும் நாலு வருசம் இரிக்கி."

இரண்டு பேரும் பிழை சொல்லவில்லை. எனக்கும் பயம். அதிபர் என்ற கதிரை போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது. கேற்றடியில் நின்று பிள்ளைகளின் தலைமயிரையும் நகத்தையும் பார்க்காமல் ஒரு காலை எப்படி விடியும்?

ஆனால் அல்லாஹ்வின் அந்த வீட்டை நோக்கித் தொழப்போகிறேன். ஹேக் என்று எழுதின கையோடு.

ஸப்னா இன்றும் இல்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலைக் கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை, "எங்கள் அதிபரின் உம்றாவை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக" என்று வாசித்தது. ஆயிரம் பிள்ளைகள் ஆமீன். 11C வரிசையில் ஒரு இடைவெளி.

இடைவேளை மணி அடித்ததும் ஒபிஸ் கதவைச் சாத்திவிட்டு பேஸ்புக்கில் போட்டேன்:

"இரண்டாம் திகதிக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை என்று எழுதினேன். அது பொய். றமீஸா வந்திருந்தார். மூன்று மணிக்கு வந்து, கடைசி வரிசையில், தூணடியில் இருந்தார். வெறும் கதிரை என்று நான் போட்ட படத்தில் இருப்பவர் அவர்தான். நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் வராததற்குக் காரணம் இருந்தது, அதை நான் கேட்கவும் இல்லை. அவர்களைப் பற்றி எழுதிய ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. எழுதியிருக்கக் கூடாது."

படம் போடவில்லை. அவரிடம் கேட்கவில்லை.

பகுதித் தலைவர்கள் ஒருவரும் லைக் இல்லை. முதல் தடவை. நஸ்றீன் மட்டும். "நாடகம்" என்று ஒருவர். "உம்றாப் பயம்" என்று ஒருவர். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. மச்சான் ஆறு தடவை கோல். எடுக்கவில்லை.

ஒரு மணிக்கு வலயத்துக்கு விளக்கக் கடிதத்தை நானே கொண்டுபோனேன். ஒரே வரி: எழுதியது நான்தான். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "போயிட்டு வாங்க. விசாரணைய வந்த பொறகு பாப்பம். இடம் மாத்துவாங்க, அது நிச்சயம்." சரி என்றேன்.

இவர் பிளேன்டீ போட்டுத் தந்தார். சீனி கூடுதலாக.

ஒக்டோபர் 15, புதன்

மழை. விடியற்காலையிலேயே பிடித்தது.

சாவி, சீல், 11ஆம் தர இடாப்பு எல்லாம் நஸ்றீனிடம். என் குடை, கண்ணாடிக் கூடு, கப் மட்டும் பையில். கதிரைக் குஷனை எடுக்கவா விடவா என்று பத்து நிமிடம். விட்டேன்.

பதினொரு மணிக்குக் காவலாளி எட்டிப் பார்த்தார்: "ஒரு உம்மா வந்திரிக்கா."

றமீஸா. வாடியிலிருந்து நேரே. தலையிலிருந்து தண்ணீர் வடிகிறது. இருங்க என்றேன். என் மேசைக்கு முன்னால் உள்ள கதிரையில் இருந்தார்.

"மகள் வாசிச்சுக் காட்டினா."

"ம்."

"என்ட பேர ரெண்டு தரம் வாசிக்கச் சென்னன்."

மழைச் சத்தம். நான் பொறுத்தீர்களா என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை.

"எப்ப டீச்சர் பயணம்?"

"நாளைக்கு. அஞ்சு மணி பஸ்."

அவர் நனைந்த அபாயாக் கையைப் பிழிந்துவிட்டார். பிறகு: "அங்க போய் கஃபதுல்லாவக் கண்டா, ஸப்னாக்கும் ஒரு துஆக் கேளுங்க. ஓ.எல். சோதினை வருது. எல்லாம் செய்வா. கணக்குத்தான் அவக்கு ஏறாது."

"பள்ளிக்கு வருவாவா?"

"அது அவட விருப்பம். நான் வற்புறுத்த மாட்டன். நீங்க துஆக் கேளுங்க."

எழும்பிப் போனார். கதிரை நனைந்திருந்தது. துடைக்கவில்லை.

துஆப் பட்டியல், 27: ஸப்னா. ஓ.எல். கணக்கு.